நட்புறவுப் பேடல் போட்டி: 16 பேர், 2 கோர்ட், 3 மணி நேரத்துக்கு எந்த ஆட்டமுறை பொருந்தும்?

கேள்வி: காட்பாடிவாசி

வணக்கம். காட்பாடி காந்தி நகரைச் சுற்றி வசிக்கும் நாங்கள் சிலர் வார இறுதிகளில் சேர்ந்து, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த கோர்ட்டில் இருவர் இருவராக மட்டையால் ஆடும் பேடல் ஆடி வருகிறோம். ஷட்டிலிலிருந்து வந்தவர்களே எங்களுள் அதிகம். நால்வர் இளமையிலிருந்தே டென்னிஸ் ஆடிப் பழகியவர்கள். வேறு நால்வர் இப்போதுதான் மட்டையைப் பிடிக்கவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி மாணவரும் இருக்கிறார், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் இருக்கிறார். ஆண்கள் 10, பெண்கள் 6 என மொத்தம் 16 பேர் சேர்ந்து, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணி முதல் 9 மணி வரை இரண்டு கோர்ட்டுகளை வாடகைக்கு எடுத்து, எங்களுக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பரிசுத்தொகை எதுவும் கிடையாது. ஒரு சிறிய கோப்பையும், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உண்ணும் இரவு உணவும் மட்டுமே.

எந்த முறையில் நடத்துவது என்பதில்தான் கருத்து ஒன்றுபடவில்லை. நம் பக்கத்தில் ஷட்டில், கபடி, கைப்பந்து என எந்தப் போட்டியையும் நாக்-அவுட்டாக நடத்தியே பழக்கம் என்பதால், சீட்டுக் குலுக்கி இணை சேர்த்து அப்படியே நடத்திவிடலாம் என்கிறார்கள் சிலர். ஆட்டத்துக்கு ஆட்டம் இணை மாறும் அமெரிக்கானோ முறைதான் இத்தகைய கூடுகைக்கு ஏற்றது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு உள்ள கவலைகள் இவை: புதியவர்கள் ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு மீதி நேரம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருக்கக் கூடாது, டென்னிஸ் ஆடியவர்கள் நால்வரும் எல்லாவற்றையும் எளிதாக வென்றுவிட்டால் மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விடும், கணவன் மனைவியாக வரும் இரு இணையர் ஒருமுறையாவது சேர்ந்து ஆட விரும்புகிறார்கள், ஆடி மாதம் என்பதால் மாலை மழைக்கும் வாய்ப்பு உண்டு. இத்தகைய போட்டிகளை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், எத்தனைப் புள்ளி ஆட்டம், எத்தனைச் சுற்று என்பது உட்பட விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: சத்துவாச்சாரி

காட்பாடிவாசி அவர்களுக்கு வணக்கம். முதலில் நாக்-அவுட்டை ஒதுக்கிவிடுங்கள். 8 இணைகள் என்றால் மொத்தமே 7 ஆட்டங்கள்தான்; முதல் சுற்று முடிந்தவுடன் 4 இணைகள், அதாவது வந்தவர்களில் சரிபாதிப் பேர், வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். பங்கு போட்டு வாடகை கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் ஷூவைக் கழற்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் உங்கள் புதியவர்களாகவே இருப்பார்கள்.

என் பரிந்துரை அமெரிக்கானோதான். ஆனால் 16 பேரையும் ஒரே பட்டியலில் போடாமல், எட்டு எட்டுப் பேராக இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு கோர்ட் என்று ஒதுக்கிவிடுங்கள். 16 பேரும் ஒவ்வொருவரோடும் இணைய வேண்டுமானால் 15 சுற்றுகள், 60 ஆட்டங்கள் வேண்டும். இரண்டு கோர்ட்டில் அது ஒரே மாலையில் நடக்கவே நடக்காது. எட்டுப் பேர் பிரிவுக்கு 7 சுற்றுகள், சுற்றுக்கு 2 ஆட்டங்கள், ஆக 14 ஆட்டங்கள் போதும். ஓர் ஆட்டத்துக்கு 16 புள்ளி என்று வைத்தால், பந்து எடுப்பதையும் ஆள் மாறுவதையும் சேர்த்து ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும்; 14 ஆட்டங்களும் 140 நிமிடங்களில் முடிந்துவிடும். 24 புள்ளி, 32 புள்ளி ஆட்டங்கள் பல இடங்களில் நடப்பவைதான் என்றாலும், உங்கள் 3 மணி நேரத்துக்குள் அவை அடங்கா.

இம்முறையில் செட், கேம் என்ற கணக்கே இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. இரு பக்கமும் சேர்ந்து 16 ஆனதும் ஆட்டம் முடிந்தது. நால்வரும் முறைவைத்து ஆளுக்கு 4 சர்வ் போட்டால் 16 சரியாக வந்துவிடும். முடிவு 10-6 என்றால், வென்ற இருவர் கணக்கிலும் ஆளுக்கு 10, தோற்ற இருவர் கணக்கிலும் ஆளுக்கு 6 ஏறும். இணை கலைந்தாலும் புள்ளிகள் அவரவரோடு போகும். 8-8 என முடிந்தாலும் கூடுதல் பந்து தேவையில்லை. ஆகையால் 3-12 என்று பின்தங்கியிருப்பவருக்கும் அடுத்த பந்து முக்கியமானதாகவே இருக்கிறது. தோல்வி உறுதியான ஆட்டத்திலும் கடைசிவரை மனம் விட்டுப்போகாமல் ஆட வைப்பது இந்தக் கணக்குமுறையே என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அட்டவணைக்குச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் எட்டுப் பேருக்குத் தாளிலேயே எழுதிவிடலாம். ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். முதல் சுற்றில் 8-7 இணை 1-3 இணையோடும், 2-6 இணை 4-5 இணையோடும் மோதட்டும். அடுத்த சுற்றுக்கு 8ஐ அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எண்களில் ஒன்றைக் கூட்டுங்கள். 7க்கு அடுத்தது மறுபடி 1. அப்போது இரண்டாம் சுற்று 8-1 எதிர் 2-4, 3-7 எதிர் 5-6 என்று வரும். இப்படியே போனால் ஏழாம் சுற்று 8-6 எதிர் 7-2, 1-5 எதிர் 3-4 என்று முடியும். இதில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒருமுறை இணையாகவும், ஒவ்வொருவரையும் சரியாக இருமுறை எதிராளியாகவும் சந்திப்பார்கள். கணவனையும் மனைவியையும் ஒரே பிரிவில் போட்டுவிட்டால் அவர்கள் ஒருமுறை சேர்ந்தும் இருமுறை எதிரெதிராகவும் ஆடுவார்கள். வேறு பிரிவுகளில் போட்டுவிட்டால் சேர்ந்து ஆடவே வாய்ப்பிராது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

பதில் 2: ராணிப்பேட்டையிலிருந்து

சத்துவாச்சாரி நண்பர் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாக்-அவுட் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாக்-அவுட்டை விட்டால் அமெரிக்கானோதான் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பேடல் இரட்டையர் ஆட்டமாகவே வடிவமைந்தது. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட, கண்ணாடியும் கம்பி வலையும் சூழ்ந்த அந்தக் கோர்ட்டில், இருவரும் சேர்ந்தே வலைக்கு முன்னேறி, சேர்ந்தே பின்சுவருக்குத் திரும்ப வேண்டும். தலைக்கு மேல் தூக்கிவிட்ட பந்தை யார் எடுப்பது, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்துக்கு யார் காத்திருப்பது, நடுவில் வரும் பந்து யாருடையது என்பதெல்லாம் இருவரும் சில ஆட்டங்கள் சேர்ந்து ஆடிய பிறகே படியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையை மாற்றினால், அந்தப் புரிதல் உருவாகத் தொடங்கும் நேரத்தில் ஆள் மாறிவிடுகிறார். பழகியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், ஆட்டத்துக்குப் புதியவருக்கோ ஒவ்வொரு முறையும் வேறொருவர் வேறொன்றைச் சொல்வார், எதைக் கேட்பது என்றே தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேடலில் எதிராளிகள் இருவரில் தளர்ந்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் எல்லாப் பந்துகளும் அவரை நோக்கியே போகும். அவருடைய திறமையான இணை பந்தே தொடாமல் வலையருகே நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு புள்ளியும் சொந்தக் கணக்கில் ஏறும் அமெரிக்கானோவில் இந்த ஆசை இன்னும் கூடுமே தவிரக் குறையாது. ஏழு ஆட்டத்திலும் ஒருவரையே குறிவைத்தால், அவர் அடுத்த வாரம் ஆட வருவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்வது நிலையான இணைகளோடு இரு பிரிவு லீக். 16 பேரையும் திறமைப்படி வரிசைப்படுத்தி, முதலாமவரைப் பதினாறாமவரோடும், இரண்டாமவரைப் பதினைந்தாமவரோடும் சேருங்கள். எட்டு இணைகளும் ஏறத்தாழச் சமமாகிவிடும். பிரிவுக்கு 4 இணைகள், 6 ஆட்டங்கள். இரு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் நடந்தால் 20 நிமிட ஆட்டமாக வைத்தும் லீக் 2 மணி நேரத்தில் முடியும். பிறகு அரையிறுதி, இறுதி என்று 40 நிமிடம். ஒவ்வோர் இணைக்கும் 3 ஆட்டங்கள் உறுதி. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் ஆட்டம் என்று சொல்லும்படி நீளமாக இருக்கும். புதியவருக்கு ஒரே ஒரு மூத்த இணை, மாலை முழுவதும் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். கணவன் மனைவி சேர்ந்து ஆட விரும்பினால் அவர்களை மட்டும் இந்த வரிசையிலிருந்து விலக்கி இணையாக்கிவிடலாம்.

பதில் 3: ஆம்பூர் ஆட்டக்காரர்

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ராணிப்பேட்டை நண்பரின் திட்டத்தில் எனக்குள்ள ஒரே தயக்கம் கடைசி 40 நிமிடம் பற்றியது: அரையிறுதி தொடங்கும்போது 8 பேரும், இறுதி ஆட்டத்தின்போது 12 பேரும் வெளியே நிற்பார்கள். இறுதியாட்டத்தைக் கூட்டமாகப் பார்ப்பது மகிழ்ச்சிதான் என்றாலும், இரண்டாவது கோர்ட் விளக்கு எரிந்தபடி காலியாகக் கிடக்கும்.

மெக்சிக்கானோ முறையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். புள்ளிக் கணக்கு அமெரிக்கானோவைப் போன்றதே. முதல் சுற்று மட்டும் குலுக்கல்; அதன் பின் ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய தரவரிசைப்படி முதல் நால்வர் ஓர் ஆட்டம், அடுத்த நால்வர் ஓர் ஆட்டம் என்று பிரிந்து, ஒவ்வொரு நான்கிலும் முதலாமவரும் நான்காமவரும் ஓர் இணை, இடைப்பட்ட இருவர் மற்றோர் இணை. மூன்று சுற்றுகள் போனதும் டென்னிஸ்காரர்கள் தங்களுக்குள்ளும், புதியவர்கள் தங்களுக்குள்ளும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஒருவரையே குறிவைக்கும் தொல்லை இதில் தானாகவே குறைகிறது. ஆட்டங்களும் 9-7, 8-8 என்று நெருக்கமாக வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இணைகள் முன்கூட்டியே தெரியா. ஒரே ஆளோடு இரண்டு மூன்று முறை இணைய நேரலாம், சிலரோடு ஆடாமலே போகலாம். மேலே இருக்கும் நால்வர் 8-8 என்று திணறிக்கொண்டிருக்கையில், கீழே ஒருவர் 12-4 என்று வென்று அவர்களைத் தாண்டிவிடுவார். அடுத்த சுற்றில் மேலே வந்து சரியாகிவிடும் என்றாலும், அந்த ஏற்றம் கடைசிச் சுற்றில் நேர்ந்தால் முணுமுணுப்பு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சுற்றின் கடைசி ஆட்டம் முடிந்து புள்ளி கூட்டும்வரை அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது. 16 பேரும் ஒரே வரிசையில், இரண்டு கோர்ட்டில் ஆடும்போது, ஒரே ஒரு நீண்ட ஆட்டம் எல்லோரையும் காக்க வைத்துவிடும்.

வென்றவர் மேல் கோர்ட்டுக்கும் தோற்றவர் கீழ் கோர்ட்டுக்கும் நகரும் முறை ஒன்றும் இருக்கிறது. அது நான்கு ஐந்து கோர்ட்டுகள் உள்ள இடத்துக்கே பொருந்தும், உங்களுக்கு வேண்டாம்.

காட்பாடிவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிவைக்கும் விஷயத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. உண்மையிலேயே அதுதான் எங்கள் புதியவர்களை மிகவும் வருத்தக்கூடியது. எங்கள் குழுவில் இன்னும் ஒருவரையொருவர் சரியாக அறியாதவர்கள் பலர் இருப்பதால், எல்லோரும் எல்லோரோடும் ஆடும் வாய்ப்பை விட்டுவிடவும் மனமில்லை. மேலும் மூன்று கேள்விகள்: இரு பிரிவுகளையும் எப்படிப் பிரிப்பது, ஒருவர் வராமல் போனாலோ பாதியில் காலைச் சுளுக்கிக்கொண்டாலோ என்ன செய்வது, மழை வந்து நின்றுபோனால் முடிவை எப்படி அறிவிப்பது?

பதில் 4: பாகாயத்திலிருந்து

வணக்கம். இத்தகைய போட்டிகளில் கணக்கு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வருவதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். உங்கள் நோக்கம் எல்லோரும் எல்லோரையும் அறிந்துகொள்வது என்றால் எட்டுப் பேர் அமெரிக்கானோதான் சரி. குறிவைப்பதை எந்த முறையாலும் முழுவதும் தடுக்க முடியாது. நிலையான இணையிலும் அது நடக்கத்தான் செய்யும். அதற்கு முறையை மாற்றுவதைவிட, முந்தைய வாரம் புதியவர்கள் நால்வரையும் ஒரு மணி நேரம் தனியே அழைத்து, கண்ணாடியில் பட்டு வரும் பந்தை விட்டுப்பிடிக்கவும், அவசரப்படாமல் உயரமாகத் தூக்கிவிடவும் பழக்குங்கள். உயரமாகத் தூக்கிவிடத் தெரிந்தவரைக் குறிவைப்பதால் எதிராளிக்குப் பெரிய லாபம் இராது.

சர்வ் விதியையும் அன்றே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு உயரத்தைத் தாண்டாமல் அடித்து, குறுக்கே உள்ள கட்டத்தில் விழச் செய்ய வேண்டும். விழுந்தெழுந்த பந்து கண்ணாடியில் பட்டால் ஆட்டம் தொடரும். கம்பி வலையில் பட்டால் ஃபால்ட். ஷட்டிலிலிருந்து வருபவர்கள் இந்த ஓரிடத்தில்தான் அதிகம் வாதாடுகிறார்கள், அதில் பத்து நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் போய்விடுகிறது.

பிரிவுகளுக்கு, திறமைப்படி 1 முதல் 16 வரை நீங்களும் இன்னொருவரும் கலந்து பேசி ஒரு வரிசை போட்டுக்கொள்ளுங்கள். அதை வெளியே சொல்ல வேண்டாம். 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஒரு பிரிவு. 2, 3, 6, 7, 10, 11, 14, 15 மற்றொரு பிரிவு. இரண்டின் கூட்டுத்தொகையும் 68. பிறகு பிரிவுக்கு மூன்று பெண்கள் வரும்படியும், கணவன் மனைவி பிரியாதபடியும் ஓரிருவரை அருகருகே உள்ள இடங்களில் மாற்றிக்கொள்ளலாம். திறமையானவர்களை ஒரு கோர்ட்டிலும் புதியவர்களை மற்றதிலும் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆட்டத்தின் தரம் உயரும் என்பது உண்மையே, ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் உருவாகிவிடும். உங்களுக்கு அது வேண்டாம்.

சத்துவாச்சாரி நண்பர் கொடுத்த அட்டவணையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அவர் எழுதிய முதல் ஆட்டத்தை முதலில் நடத்தினால், 8ஆம் எண்காரர் எப்போதும் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வருகிறார்; அதாவது அவருக்கு மட்டும் ஓர் ஆட்டம், ஓர் ஓய்வு என்று சீராக அமைகிறது. மற்றவர்களுள் ஒவ்வொரு சுற்று மாறும்போதும் இருவர் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆட நேரும். ஓய்வு பெற்ற ஆசிரியரைக் குலுக்கலில் சேர்க்காமல் அவருக்கு 8ஆம் எண்ணையே கொடுத்துவிடுங்கள். மற்ற பிரிவிலும் வயதில் மூத்தவருக்கு அதே எண். அடுத்தடுத்து ஆடுபவர்கள் தண்ணீர் குடிக்கும்வரை அடுத்த சர்வைத் தொடங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணாடி சூழ்ந்த கோர்ட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, வேலூர்ப் புழுக்கம் இரவிலும் விடாது.

வெளியே காற்று இருந்தாலோ அதற்கும் வழி செய்துகொள்ள வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உயரமாகத் தூக்கிய பந்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. 8 புள்ளிகள் ஆனதும் இரு பக்கமும் இடம் மாறிக்கொள்ளட்டும். அரை நிமிடம்தான் செலவாகும், காற்றின் மேல் பழி விழாது.

கணக்கில் ஒரு சோதனை. ஓர் ஆட்டத்தில் நால்வர் கணக்கிலும் ஏறும் புள்ளிகளைக் கூட்டினால் எப்போதும் 32. ஒரு சுற்றுக்கு 64. ஏழு சுற்றும் முடிந்தபின் எட்டுப் பேரின் மொத்தம் 448 வர வேண்டும், சராசரி 56. சுற்று முடிந்ததும் கூட்டிப் பார்த்தால், யாருடைய புள்ளியாவது விடுபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இருவர் சமமாக வந்தால், அதிக ஆட்டங்களில் வென்றவர் முன்னே. அதிலும் சமம் என்றால், அவர்கள் எதிரெதிராக ஆடிய இரண்டு ஆட்டங்களின் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள்.

வராதவருக்குப் பதிலாக ஆட, அருகிலேயே இருக்கும் ஒருவரைக் கூடுதலாகச் சொல்லி வைப்பது நல்லது. பாதியில் ஒருவர் விலகினால், அந்த நேரத்தில் ஓய்வில் இருக்கும் நால்வருள் ஒருவர் அவர் எண்ணுக்காக இறங்கட்டும். அப்படி ஆடியதில் கிடைக்கும் புள்ளி அவருடைய சொந்தக் கணக்கில் சேராது. தாமதமாக வருபவர் தவறவிட்ட ஆட்டத்துக்கு 8 புள்ளி கொடுத்துவிடுங்கள். அது பாதி என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பதில் 5: சத்துவாச்சாரி

பாகாயம் நண்பர் 8ஆம் எண்ணைப் பற்றிச் சொன்னது மிகவும் பயனுள்ளது. மழை பற்றிய கேள்வி விடுபட்டுப்போனதால் மீண்டும் எழுதுகிறேன்.

மழை என்று வந்தால் இந்த முறையின் பலம் அப்போதுதான் தெரியும். எந்தச் சுற்று முடிந்த நிலையில் நிறுத்தினாலும், அதுவரை எல்லோரும் ஒரே எண்ணிக்கை ஆட்டங்களையே ஆடியிருப்பார்கள். ஐந்தாம் சுற்று முடிந்ததும் இடியோடு மழை இறங்கினால் ஐந்து சுற்றுப் புள்ளிகளைக் கொண்டே முடிவை அறிவிக்கலாம். ஒரு சுற்றின் முதல் ஆட்டம் மட்டும் முடிந்திருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். அரையிறுதியோடு நின்றுபோன லீக்கில் இப்படிச் செய்ய வழியில்லை. தூறல் நின்றதும் உடனே தொடரலாம் என்று எண்ண வேண்டாம்: கண்ணாடி நனைந்திருந்தால் பந்து அதில் பட்டுத் திரும்பாமல் வழுக்கிக் கீழே இறங்கும், கால்களும் நிற்காது. துணியால் துடைத்த பிறகே ஆட வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ராணிப்பேட்டை நண்பர் கேட்ட 'ஆட்டம் என்று சொல்லும்படியான ஆட்டம்' கடைசியில் ஒன்று வேண்டும் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. 6.10க்குத் தொடங்கினால் 8.30க்கு ஏழு சுற்றும் முடிந்துவிடும். பிறகு முதல் பிரிவின் முதலாமவரும் இரண்டாம் பிரிவின் இரண்டாமவரும் ஓர் இணை. இரண்டாம் பிரிவின் முதலாமவரும் முதல் பிரிவின் இரண்டாமவரும் எதிர் இணை. இதே போல மூன்றாம், நான்காம் இடத்தார் ஓர் ஆட்டம். ஐந்து, ஆறு ஓர் ஆட்டம். ஏழு, எட்டு ஓர் ஆட்டம். கீழிருந்து தொடங்குங்கள். நான்கு ஆட்டங்களும் இரு கோர்ட்டிலுமாக 20 நிமிடத்தில் முடியும். இரு பிரிவினரும் முதன்முறையாகக் கலந்து ஆடுவதும் அப்போதுதான், ஒருவர்கூட வெளியே நிற்காமல் எல்லோருக்கும் கடைசி ஆட்டம் ஒன்று கிடைக்கும்.

நாளைக் குறிக்கும்போது ஆடிக் கிருத்திகையை ஒட்டிய ஞாயிறு வேண்டாம். இரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் போகும் கூட்டத்தில் ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து யாராவது வர வேண்டியிருந்தால் 6 மணிக்கு வந்து சேர முடியாது.

பதில் 6: ராணிப்பேட்டையிலிருந்து

கடைசியில் எல்லோருக்கும் ஓர் ஆட்டம் என்ற ஏற்பாடு என் மறுப்பில் பாதியைத் தீர்த்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், இணை சேரும் இருவரும் யார் வலப்பக்கம், யார் இடப்பக்கம் என்பதையும், நடுவில் வரும் பந்து யாருக்கு என்பதையும் பேசி முடிவு செய்த பிறகே சர்வ் தொடங்க வேண்டும் என்று விதியாகவே வையுங்கள். இடக்கை ஆட்டக்காரர் இருந்தால் இது இன்னும் முக்கியம். அரை நிமிடப் பேச்சு என்றாலும், புதியவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்க மாட்டார்.

காட்பாடிவாசி

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி, எட்டுப் பேர் கொண்ட இரு பிரிவுகள், 16 புள்ளி அமெரிக்கானோ, கடைசியில் இடத்துக்கு இடம் ஓர் ஆட்டம் என்று முடிவு செய்துவிட்டோம். கிருத்திகைக்கு அடுத்த வார ஞாயிறுக்கு இரண்டு கோர்ட்டுகளையும் சொல்லி வைத்தாயிற்று. ஆசிரியருக்கு 8ஆம் எண். கணக்குத் தாளை ஏழு சுற்றுக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றின் கீழும் 64, 128, 192 என்று வர வேண்டிய கூட்டுத்தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். புதியவர்கள் நால்வருக்கும் முந்தைய ஞாயிறு காலை ஒரு மணி நேரப் பயிற்சி. டென்னிஸ் ஆடியவர்களுள் இருவர் தாங்களாகவே முன்வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வர இயலாதவருக்குப் பதிலாக ஆடத் தொரப்பாடியில் இருக்கும் ஒரு நண்பரிடமும் சொல்லிவிட்டோம்.